ராத்திரி தூக்கம் வரவில்லை, காலையில் எழ முடியவில்லை: பதின்பருவத் தூக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு வருடமாக ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர் வந்தால் மதிப்பெண்ணுக்கு அடுத்தபடியாக வரும் பேச்சு தூக்கம்தான். "ராத்திரி ஆந்தை மாதிரி முழிச்சிருக்கான், காலையில எழுப்பினா சண்டைக்கு வர்றான்" என்பார்கள். நானும் ரொம்ப நாள் அதைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்தேன். மேரி கார்ஸ்கடன் என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளரின் வேலையைப் படித்த பிறகுதான் அந்தச் சொல்லைக் கைவிட்டேன். பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு அந்த ஆய்வுகளை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த மேரி கார்ஸ்கடன்?

தூக்கத்தை ஆராயும் உளவியலாளர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், தூக்க மருத்துவத்தின் முன்னோடியான வில்லியம் டிமென்ட்டிடம் பயின்று 1979-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1985-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்துக்கு வந்து, பிரௌன் பல்கலைக்கழகத்திலும் அதனோடு இணைந்த பிராட்லி குழந்தைகள் மனநல மருத்துவமனையிலும் தன் ஆய்வுக்கூடத்தை நடத்தினார். பத்து வயதிலிருந்து இருபது வயது வரை பிள்ளைகளின் தூக்கம் எப்படி மாறுகிறது, அது படிப்பையும் மனநிலையையும் எப்படித் தொடுகிறது என்ற ஒரே கேள்வியைப் பல பத்தாண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்.

அவருடைய 'தூக்க முகாம்' பற்றிச் சொல்கிறார்களே, அது என்ன?

1976-இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய கோடைக்கால முகாம் அது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை அழைத்து வந்து தங்கவைத்தார்கள். பகலில் விளையாட்டு, பேச்சு, சாப்பாடு. இரவு 10 மணிக்குத் தலையில் மூளை அலைகளை அளக்கும் ஒயர்களை ஒட்டிக்கொண்டு படுக்கை, காலை 8 மணிக்கு எழுப்புதல். ஆக, எல்லோருக்கும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்க வாய்ப்பு. அதே பிள்ளைகள் அடுத்த கோடையிலும் வந்தார்கள், அதற்கடுத்த கோடையிலும் வந்தார்கள்.

வயது கூடக்கூடத் தூக்கத்தின் தேவை குறையும் என்பதுதான் அன்றைக்கு எல்லோரும் நம்பியது. குழந்தை பத்து மணி நேரம் தூங்கும், பெரியவர் எட்டு மணி நேரம் தூங்குவார், நடுவில் இருப்பவர்கள் படிப்படியாக இறங்கி வருவார்கள் என்ற கணக்கு. முகாமில் அப்படி நடக்கவில்லை. பத்து வயதில் வந்தபோது எவ்வளவு தூங்கினார்களோ, மீசை அரும்பிய பிறகும் அதே பத்து மணி நேரத்தில் ஏறத்தாழ அதே ஒன்பதே கால் மணி நேரம் தூங்கினார்கள். வயது ஏறினாலும் தூக்கத் தேவை இறங்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. அவ்வளவு நேரம் தூங்கிய பிறகும், பருவமடைந்த பிள்ளைகளுக்குச் சிறு பிள்ளைகளைவிடப் பகலில், குறிப்பாக மதியத்தை ஒட்டி, தூக்கக் கலக்கம் அதிகமாக இருந்தது. முந்தின இரவில் ஒரு குறையும் இல்லாதவர்களுக்கே இப்படி என்றால், ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வகுப்பில் உட்காரும் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

தூக்கக் கலக்கத்தை எப்படி அளக்க முடியும்? கொட்டாவியை எண்ணுவார்களா?

அதற்கு டிமென்ட்டும் கார்ஸ்கடனும் சேர்ந்து ஒரு சோதனையை உருவாக்கினார்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இருட்டான அமைதியான அறையில் படுக்கவைத்து "தூங்கப் பாருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். இருபது நிமிடம் அவகாசம். மூளையின் மின் அலைகளை வைத்து எத்தனையாவது நிமிடத்தில் தூங்கினார் என்று குறிப்பார்கள். நன்றாகத் தூங்கி எழுந்தவர் இருபது நிமிடமும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிடுகிறவர் கடுமையான தூக்கக் கடனில், அதாவது தூங்காமல் விட்டுச் சேர்ந்த பாக்கியில், இருக்கிறார் என்று பொருள். உலகெங்கும் தூக்க மருத்துவமனைகளில் இன்றும் இதே சோதனைதான்.

எனக்கு இதில் பிடித்தது, பிள்ளை சொல்வதையோ நாம் நினைப்பதையோ நம்ப வேண்டியதில்லை என்பது. "எனக்குத் தூக்கமே வரல சார்" என்று சொல்லும் பையன் மூன்றாவது நிமிடத்தில் தூங்கிவிடுவான்.

பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் தூக்கம் வரவில்லை என்கிறான். நடிக்கிறானா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மைத் தூங்கவைப்பவை இரண்டு. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம். பசி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று உடல் கடிகாரம். மூளைக்குள், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு சிறு நரம்புத் திரள் இருக்கிறது. பகல் எது, இரவு எது என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். மாலை இருட்டியதும் அதன் சொற்படி மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். அது உமிழ்நீரில் தெரியும் என்பதால், மங்கிய வெளிச்சத்தில் உட்காரவைத்து அரை மணிக்கொருமுறை உமிழ்நீர் எடுத்துப் பார்த்தால் ஒருவரின் உடலுக்கு எப்போது 'இரவு' தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

பருவமடையும்போது இந்த இரண்டுமே மாறுகின்றன. 1993-இல் கார்ஸ்கடனின் குழு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்தது. ஒரே வகுப்பில் படிப்பவர்கள், ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் உடல் வளர்ச்சியில் முந்தியிருந்த பிள்ளைகள் இரவில் பிந்தி விழித்திருப்பதையே விரும்பினார்கள். வயதைவிடப் பருவமடைதலோடுதான் இந்த விருப்பம் சேர்ந்து வந்தது. பிறகு மெலட்டோனினை அளந்தபோது, வளர்ச்சி முந்திய பிள்ளைகளுக்கு அதன் சுரப்பும் பிந்தியே தொடங்கியது தெரிந்தது.

அடுத்து, தூக்க அழுத்தம். ஆஸ்கர் ஜென்னி என்ற சுவிஸ் மருத்துவரும் கார்ஸ்கடனும் மற்றவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பருவம் முதிர்ந்த பிள்ளைகளுக்கு விழித்திருக்கும்போது சேரும் அழுத்தம் சிறு பிள்ளைகளைவிட மெதுவாக ஏறுவதைக் கண்டார்கள். பத்து வயதுத் தங்கை ஒன்பது மணிக்குச் சோற்றுத் தட்டிலேயே கண் சொருகுவதும், பதினாறு வயது அண்ணன் பதினொன்றுக்கும் தெம்பாக இருப்பதும் இதனால்தான்.

ஆனால் கவனியுங்கள்: அண்ணனுக்குத் தூக்கம் குறைவாகப் போதும் என்று இதற்குப் பொருள் இல்லை. தொடங்கும் நேரம் தள்ளிப்போகிறது, தேவை அப்படியே இருக்கிறது. காலை அலாரம் மட்டும் தள்ளிப்போவதில்லை. கார்ஸ்கடன் 2011-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், உடலும் படிப்பும் சமூகமும் ஒரே நேரத்தில் சேர்ந்து நெருக்கும் இந்த நிலையைப் பெரும்புயலோடு ஒப்பிட்டார்.

எல்லாம் செல்போன் செய்கிற வேலை என்று சொல்லிவிட்டுப் போகலாமே?

செல்போனுக்குப் பங்கு உண்டு, முழுப் பழியும் அதற்கு இல்லை. ஆறாம் வகுப்பு ஆய்வு வெளியான 1993-இல் எந்தப் பிள்ளையின் தலையணைக்கு அடியிலும் ஸ்மார்ட்போன் கிடையாது. மனிதக் குட்டிகள் மட்டுமல்ல, எலி, குரங்கு போன்ற வேறு சில பாலூட்டிகளும் பருவமடையும்போது தூங்கி விழிக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுகின்றன. அவை ரீல்ஸ் பார்ப்பதில்லை.

அதே சமயம், பருவமடையத் தொடங்கும் பிள்ளைகளின் மெலட்டோனின் சுரப்பை மாலை வெளிச்சம் மூத்த பிள்ளைகளைவிட எளிதாக அமுக்கிவிடுகிறது என்று கார்ஸ்கடனோடு பணியாற்றிய ஸ்டெஃபனி குரோலியின் 2015-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எனவே ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒன்பது மணிக்குப் பிறகு ஹாலின் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கோடு இருப்பது வீண் வேலை இல்லை.

பள்ளி சீக்கிரம் தொடங்கினால், பிள்ளை சீக்கிரம் படுத்துப் பழகிக்கொள்ளாதா?

இதைத்தான் கார்ஸ்கடன் நேரில் பார்த்தார். ரோட் ஐலண்டில் ஒன்பதாம் வகுப்பு காலை 8:25-க்குத் தொடங்கியது. அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போனதும் பள்ளி 7:20-க்கு. ஒரு மணி ஐந்து நிமிடம் முன்பாக. இரண்டு வருடமும் அவர்களின் தூக்கத்தை அளந்து 1998-இல் வெளியிட்டார்கள்.

பிள்ளைகள் சீக்கிரம் எழுந்தார்கள். சீக்கிரம் தூங்கவில்லை. பத்தாம் வகுப்பில் பாதிப் பேர்கூடப் பள்ளி நாட்களில் சராசரியாக ஏழு மணி நேரம் தூங்கவில்லை.

பகல் சோதனையில் வந்த முடிவுதான் என்னை உலுக்கியது. நாம் தூங்கியதும் முதலில் வருவது ஆழ்ந்த தூக்கம். கனவுகள் அதிகம் வரும், கண்மணி வேகமாக அசையும் தூக்கம் ஒன்றரை மணி நேரம் கழித்தே வரும், அதிலும் பெரும்பகுதி விடியலை ஒட்டித்தான். பகலில் படுத்த உடனே கனவுத் தூக்கத்துக்குள் விழுவது நார்கோலெப்ஸி என்ற நரம்பு நோயின் அடையாளங்களில் ஒன்று. ஆனால் நோய் எதுவும் இல்லாத இந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பகல் சோதனையில் ஒருமுறையாவது அப்படி விழுந்தார்கள். அப்படி விழுந்தவர்களுக்கு மெலட்டோனின் சுரப்பு மற்றவர்களைவிடப் பிந்தியே தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடிந்துவிட்டது, அவர்கள் உடம்புக்கு இன்னும் ராத்திரிதான்.

என் பழைய பள்ளியில் காலை ஆறு மணிக்குச் சிறப்பு வகுப்பு நடக்கும். முன் வரிசையில் ஒரு பையன், கண் திறந்தே இருக்கும். பேனா மட்டும் 'விசை' என்று எழுதத் தொடங்கி 'சை'யின் கொம்பிலிருந்து மெல்லக் கீழே வழுக்கி, கோடு போட்டுக்கொண்டே தாளின் விளிம்பு வரை போய்விடும். திடுக்கிட்டு நிமிர்வான், நேராக எழுதுவான், மறுபடி வழுக்கும். அந்த நோட்டை வாங்கி மற்றவர்களுக்குக் காட்டித் திட்டினேன். இப்போது அந்தக் கோடுகளை நினைத்தால் மனசு வலிக்கிறது. அது கவனக்குறைவின் அடையாளம் இல்லை, தூங்கிவிடக்கூடாது என்று அவன் பட்ட பாட்டின் அடையாளம்.

தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

உண்டு. உளவியலாளர் ஏமி வுல்ஃப்சனும் கார்ஸ்கடனும் ரோட் ஐலண்ட் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 3,120 மாணவர்களிடம் கேட்டு 1998-இல் வெளியிட்டார்கள். சுமாராகப் படிப்பவர்களும் தேர்ச்சிக்குத் திணறுபவர்களும், நன்றாகப் படிப்பவர்களைவிட 25 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள், சராசரியாக 40 நிமிடம் பிந்திப் படுத்தார்கள். 13 வயதிலிருந்து 19 வயதுக்குள் மொத்தத் தூக்கம் 40 முதல் 50 நிமிடம் வரை குறைந்திருந்தது.

இதை வைத்து 'தூங்கினால் மார்க் வரும்' என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக் கஷ்டம், வேலை, மனக்கவலை எதுவும் தூக்கத்தையும் கெடுக்கும், படிப்பையும் கெடுக்கும். ஆனால் பகலில் கற்றதை மூளை தூக்கத்தில்தான் உறுதிப்படுத்தி அடுக்கி வைக்கிறது என்பது வேறு பல ஆய்வுகளால் தெரிந்த விஷயம். குறிப்பாக, இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த தூக்கம் பாடச் செய்திகளை நினைவில் நிறுத்த உதவுகிறது.

என் மகள் சின்ன விஷயத்துக்கும் அழுகிறாள், எரிந்து விழுகிறாள். இதுவும் தூக்கமா?

இருக்கலாம், முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று. மேலே சொன்ன 3,120 பேரில், பள்ளி நாட்களில் குறைவாகத் தூங்கியவர்களும், வார நாளுக்கும் விடுமுறைக்கும் படுக்கும் நேரம் மிகவும் மாறியவர்களும் மனச்சோர்வு அதிகம் இருப்பதாகச் சொன்னார்கள்.

மூளையில் என்ன நடக்கிறது என்பதற்கு 2007-இல் தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கரின் குழு நடத்திய ஆய்வு ஒரு வெளிச்சம் தருகிறது. ஓர் இரவு தூங்காத இளைஞர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். பயம், கோபம் போன்றவற்றைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துடித்தது. அதை அடக்கி ஆளும் முன்மூளையோடு அதற்கு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. ஒரு முழு இரவு விழித்தவர்கள் அவர்கள். தினம் ஒரு மணி நேரம் குறைவாகத் தூங்கும் பிள்ளைக்கு அதே அளவு என்று சொல்ல மாட்டேன். திசை அதுதான்.

படிப்போடு சேர்ந்து வரும் உணர்ச்சிகளைத் தனியாக ஆராய்ந்தவர் ஜெர்மன் உளவியலாளர் ரெய்ன்ஹார்ட் பெக்ரூன். 2006-இல் அவர் முன்வைத்த கோட்பாட்டின்படி, பரீட்சை பயம், சலிப்பு, பெருமை எல்லாமே மாணவர் மனதில் இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலிலிருந்து பிறக்கின்றன: இது என்னால் ஆகுமா? இது எனக்கு முக்கியமா? முக்கியம், ஆனால் என்னால் ஆகுமோ ஆகாதோ என்றால் பயம். தூக்கக் கடனில் இருக்கும் பிள்ளையிடம் நான் பார்ப்பது, முதல் கேள்விக்கான பதில் சட்டென்று 'ஆகாது' என்று மாறிவிடுவதுதான். முந்தின நாள் மாலை போட்ட அதே கணக்கைக் காலையில் கொடுத்தால் "எனக்கு இது வரவே வராது சார்" என்று கண் கலங்குகிறாள். இது என் வகுப்பறை அனுபவம், ஆய்வு முடிவு அல்ல.

ஆனால் அழுகையும் ஒதுங்கிப்போவதும் வாரக்கணக்கில் நீடித்தால், சாப்பாடு குறைந்தால், வாழப் பிடிக்கவில்லை என்ற தொனியில் ஏதாவது சொன்னால், தூக்கம் என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்தால் மனதில் பதியும் என்று எங்கள் தாத்தா காலத்திலிருந்து சொல்கிறார்களே?

தாத்தா எட்டு மணிக்குப் படுத்தார். அது அவருக்குச் சரியாக வந்திருக்கும்.

பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் போவது தூக்கத்தின் கடைசிப் பகுதி. மேலே சொன்னபடி கனவுத் தூக்கம் அங்கேதான் குவிந்திருக்கிறது, அது பெரும்பாலும் காணாமல் போய்விடும். உடல் வெப்பமும் விழிப்பும் மிகக் கீழே இருக்கும் நேரமும் அதுதான். பதின்பருவத்தில் சிலருக்கு இயல்பாகவே அதிகாலை ஒத்துக்கொள்ளும். அவர்கள் ஒன்பதரைக்கே தூங்கிவிடுவார்கள், அலாரம் இல்லாமல் எழுவார்கள். அப்படிப்பட்ட பிள்ளை படிக்கட்டும். முகத்தில் தண்ணீர் அடித்து, காப்பி கொடுத்து, நின்றபடி படிக்கவைக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த நேரம் உதவாது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்குகிறான். எழுப்பலாமா?

அவன் வாரக் கடனை அடைக்கிறான். முழுக்கத் தடுத்தால் கடன் நிற்கும். முழுக்க விட்டால் அன்று ராத்திரி தூக்கம் இன்னும் தள்ளிப்போய், திங்கள் காலை நரகமாகிவிடும். வார நாளுக்கும் விடுமுறைக்கும் உள்ள இந்த இழுபறிக்கு, ஜெர்மன் ஆய்வாளர் டில் ரோனபெர்க்கின் குழு வைத்த பெயர் 'சமூக ஜெட்லாக்'. நெடுந்தூர விமானப் பயணத்தில் ஊர் நேரம் மாறி உடம்பு தடுமாறுவதுதான் ஜெட்லாக். வழக்கத்தைவிட ஒன்றரை மணி, மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம் கூடுதலாக விட்டு, எழுந்ததும் மொட்டைமாடி வெயிலில் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும்.

இந்தப் பிந்தல் வாழ்நாள் முழுக்க இருக்குமா?

இல்லை. ரோனபெர்க் 2004-இல் ஏறத்தாழ 25,000 பேரின் தூக்க நேரங்களைப் பார்த்தார். தூங்கும் நேரம் இருபது வயது வரை தள்ளிக்கொண்டே போய், பிறகு முன்னுக்குத் திரும்பிவிடுகிறது. பெண்களுக்குக் கொஞ்சம் முன்னதாகவே திரும்புகிறது.

எங்காவது பள்ளி நேரத்தை மாற்றிப் பார்த்தார்களா?

மினசோட்டா மாநிலத்தின் எடைனா என்ற ஊர் 1996-இல் உயர்நிலைப் பள்ளியை 7:20-லிருந்து 8:30-க்கு மாற்றியது. 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், 8:30-க்கு முன்பு பள்ளி தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. சியாட்டில் நகரம் 2016-இல் 7:50-லிருந்து 8:45-க்கு மாறியது. அங்கே மாணவர்களின் கையில் வாட்ச் போன்ற கருவியைக் கட்டி அளந்தார்கள். நேரம் கிடைத்தால் இன்னும் பிந்தித்தான் படுப்பார்கள் என்று பயந்தவர்களுக்குப் பதில் கிடைத்தது: பள்ளி நாட்களில் தூக்கம் 34 நிமிடம் கூடியது, மதிப்பெண்ணும் சற்று உயர்ந்திருந்தது. கலிஃபோர்னியாவில் 2019-இல் சட்டமே வந்து, 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

நம் ஊரில் பள்ளி ஒன்பது மணிக்குத்தானே? நமக்கு இதெல்லாம் எதற்கு?

மணி அடிப்பது ஒன்பதுக்கு. ஆறரைக்கே வேன் ஏறும் பிள்ளைக்கும், ஐந்தரைக்கு ட்யூஷன் போகும் பிள்ளைக்கும் நாள் எப்போது தொடங்குகிறது? ராத்திரி ட்யூஷன் முடிந்து வந்து சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதி, படுக்கும்போது மணி என்ன? உங்கள் வீட்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். என் வகுப்பில் எழுதச் சொன்னபோது, எட்டு மணி நேரம் தூங்குபவர் என்று கை தூக்கியவர்கள் இரண்டே பேர்.

அப்புறம், உடல் கடிகார ஆராய்ச்சி நமக்கு அந்நியமும் அல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் பல ஆண்டுகள் இதே துறையில் உழைத்தார். குகைக்குள் கூண்டில் தனியாக வைத்த வௌவால், வெளிச்சமே பார்க்காமல், மற்ற வௌவால்கள் போய்வரும் நேரத்தை வைத்தே தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதை அவர் குழு காட்டியது. கடிகாரமும் சூரியனும் தெரியாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் ஆராய்ந்தார்கள்.

எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-இல் சொன்ன கணக்கு இது.

"சார், நாளைக்குப் பரீட்சை. இன்னும் ரெண்டு பாடம் பாக்கி. மணி பன்னிரண்டு. என்ன செய்யட்டும்?"

படுத்துக்கொள், தம்பி.

லாஸ் ஏஞ்சலஸில் 535 மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, தினசரிக் குறிப்பு எழுதவைத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான முடிவு இது: தூக்கத்தை வெட்டி வழக்கத்தைவிட அதிகம் படித்த இரவுக்கு மறுநாள், பாடம் புரியாமல் போவதும் தேர்வில் சொதப்புவதும் அதிகமாகவே இருந்தன. அந்த ரெண்டு பாடத்துக்காக நீ ஏற்கெனவே படித்த எட்டுப் பாடத்தைப் பணயம் வைக்க வேண்டாம். பாக்கிப் பாடங்களின் சூத்திரங்களை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்துவிட்டு, விளக்கை அணை. காலையில் அம்மாவை ஆறரைக்கு எழுப்பச் சொல், நாலுக்கு வேண்டாம். போனை அம்மாவிடமே கொடுத்துவிடு.